நூல் அளவுத் துண்டில் ஒன்பது பிள்ளைகள்

இன்று காலை மலேசியாவின் மெர்லிமாவில் எங்கள் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் கூட்டம். பள்ளி வேன் இனி எந்தப் பக்கம் ஓடும் என்று முடிவு செய்ய வேண்டும். பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்று எக்செல்லில் வட்டப் படம் போட்டது பெற்றோர் சங்கச் செயலாளரான நான்.

டவுனும் தாமான் குடியிருப்புகளும் பெரிய துண்டுகள். நான்கு எஸ்டேட்டுகள் நூல் போல மெலிந்து, பெயர்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கிடந்தன. பார்க்க நன்றாக இல்லை என்று அந்தப் பெயர்களை மட்டும் அழித்துவிட்டேன்.

"அப்போ டவுன் பக்கமே ஓடட்டும்," என்றார் தலைமையாசிரியர், திரையில் படத்தைப் பார்த்து.

பின்வரிசையில் மாலா எழுந்தாள். செம்பனை எண்ணெய் ஆலையில் லோரி எடை பார்த்துக் கணக்கெழுதும் கிராணி.

"அக்கா, எங்க எஸ்டேட்டக் காணோமே?"

"அந்த மெல்லிசான கோடுதான்மா."

"கோட்டுலயா எம்புள்ள பள்ளிக்கு வருது? கொஞ்சம் நவுருங்க."

முன்னால் வந்து மவுஸைப் பிடித்து, படத்தின் வகையை மாற்றினாள். மெல்லிய துண்டுகள் ஒன்றாகச் சேர்ந்தன. அங்கிருந்து இரண்டு கோடுகள் நீண்டு, பக்கத்தில் இன்னொரு வட்டம் திறந்தது. பெயர்களையும் திரும்ப வரவழைத்தாள். நான்கு எஸ்டேட், நான்கு நிறம். மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு.

எனக்குப் புல்லரித்துவிட்டது. அத்தனை பேரும் அந்தக் கோட்டுக்குள்தான் இருந்திருக்கிறார்கள்.

"ஒம்பது பேரு. வேன் நெறஞ்சிரும்லா," என்றாள் மாலா.

தலைமையாசிரியர் கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் பார்த்தார். "டவுனுக்கு பஸ் இருக்கு. வேன் எஸ்டேட்டுக்கே போகட்டும்."

நானும் எஸ்டேட்டில் பிறந்தவள்தான்.

படம் அழகாக இருக்கட்டும் என்று நீங்கள் யாரையெல்லாம் அழித்திருக்கிறீர்கள்? நான் மட்டும்தான் என்று சொல்லிவிடாதீர்கள்.