ஐந்தாவது உதை

தோட்டாத் தொழிற்சாலையில் அவரைத் 'தராசு' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாகத் துப்பாக்கியைத் தோளில் வைத்துச் சுட்டுப் பார்ப்பதே வேலை. சுட்டதும் துப்பாக்கி பின்னால் தோளை உதைக்கும் விதம் குண்டுக்குக் குண்டு மாறும். இலேசான குண்டு வேகமாகப் போகும்; தோளில் பளாரென்று அறைந்துவிட்டு ஓடிவிடும். கனத்த குண்டு நிதானமாகப் போகும். ஆளைப் பிடித்துப் பின்னால் தள்ளும். குண்டின் வேகத்தை அளக்க மெஷின் இருந்தது. அது வாய் திறப்பதற்குள் தராசு அந்த உதையை வைத்தே கரும்பலகையில் வேகத்தை எழுதிவிடுவார். அநேகமாக மெஷின்தான் அவரோடு ஒத்துப்போகும். அதில் மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்று சளிக்காய்ச்சல் என்று லீவு போட்டிருந்தார். அவருக்குப் பதிலாகச் சுட வேண்டியவன் மச்சினன், மனைவிக்கு இருக்கும் ஒரே தம்பி.

ஒன்பதேகாலுக்குக் கண்ணாடி முன் முகம் மழித்துக்கொண்டிருந்தவருக்கு வலது தோளில் ஓர் உதை. பிளேடு கன்னத்தைக் கீறியது. சுற்றிப் பார்த்தார், யாருமில்லை. மறுபடி ஒன்று. மூன்று. நான்கு. பாழாய்ப்போன தோள் பழக்கதோஷத்தில் கணக்குப் போட்டுவிட்டது. கனத்த குண்டின் தள்ளல், இலேசான குண்டின் ஆத்திரம், இரண்டும் ஒரே உதையில். இலேசான குண்டுக்கு அளந்த வெடிமருந்தைக் கனத்த குண்டுக்குப் பின்னால் அடைத்தால்தான் அப்படி வரும். அடைத்தால் துப்பாக்கி தாங்காது.

ஒரு பெட்டிக்கு ஐந்து சுடுவது வழக்கம். ஐந்தாவது உதை வரவில்லை. தோளிலிருந்து விரல் நுனிவரை மரத்துப்போனது.

இடது கையால் போனை எடுத்தார்.

"மாப்ள, நாலு சுட்டுட்டியா?"

"என்ன மாமா, பத்து மணிக்குத்தானே ஆரம்பிப்போம்? இன்னும் பெட்டியே பிரிக்கல."

சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்பதரைகூட ஆகவில்லை.

"சுடாதே. ஒவ்வொண்ணா எடை போட்டுப் பாரு."

"காய்ச்சல் தலைக்கு ஏறிடுச்சா?"

"உங்க அக்கா மேல சத்தியம்டா. எடை போடு."

தோட்டாக்களின் எடை கூடுதலாகத்தான் இருந்தது. அதிகாரி லேசில் நம்புகிற ஆளில்லை. துப்பாக்கியை இரும்புச் சட்டத்தில் இறுக்கிக் கட்டி, சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கயிற்றால் விசையை இழுக்கச் சொன்னார். நான்கு ஒழுங்காகப் போயின. ஐந்தாவதில் துப்பாக்கி பின்பக்கமாக வெடித்துச் சிதறியது.

சாயங்காலம் மச்சினன் வீட்டுக்கு வந்தான். அக்கா அவனைக் கட்டிக்கொண்டு அழுது தீர்த்தாள். அவள் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"நாங்க சுடறதுக்கு முன்னாடியே உங்களுக்கு எப்படி மாமா?"

"தெரியலடா. எனக்கே பயமா இருக்கு."

"அஞ்சாவது எப்படி இருந்துச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு அது வராது.

"அஞ்சாவது வரல. கையே இல்லாத மாதிரி இருந்துச்சு."

மச்சினன் இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். செருப்பு மாட்டும்போதும் விடவில்லை. தெருமுனை திரும்பும்வரை தராசு பார்த்துக்கொண்டே நின்றார். அவன் அந்தக் கையை எடுக்கவேயில்லை.