யாருக்குச் சொல்ல வேண்டும்?

டெரிக் ஹால்டனின் விசா புதுப்பிக்கும் வேலை ஒவ்வொரு ஏப்ரலிலும் என் தலையில்தான் வந்து விழும். தாய்லாந்தின் லம்பாங்கில் எங்கள் பள்ளி ஒன்றும் பெரிய பள்ளி அல்ல. அலுவலகம் என்றால் நானும் ஒரு மின்விசிறியும்தான். அவர் இங்கே இங்கிலீஷ் வாத்தியாராகி பதினான்கு வருடம் ஆகிறது.

அதற்காகப் பள்ளியில் வைத்திருக்கும் விண்ணப்பத்தின் கடைசி வரி இது: அவசரம் என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும்? முதல் சில வருடங்கள் இங்கிலாந்தில் இருந்த தன் அம்மாவின் பெயரைச் சொன்னார். அந்த அம்மா இறந்த பிறகு அந்த இடம் காலியாகவே இருந்தது.

"விடுங்க ஒராபின், எனக்கு என்ன ஆகப் போகுது?" என்பார்.

நல்ல மனிதர். பிள்ளைகளுக்கு அவர் என்றால் உயிர். தன் சட்டையைத் தானே தேய்த்துக்கொள்வார். சந்தையில் ஒரே கடையில், ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து தினமும் தனியாக நூடுல்ஸ் சாப்பிடுவார். சனிக்கிழமை மதியம் மட்டும் ஆற்றங்கரை பீர் கடைக்குப் போவார். அங்கே ஐந்தாறு வெள்ளைக்காரர்கள் கூடுவார்கள். அந்தக் கடையில் பரிமாறுகிற பெண்களைத் தவிர வேறு எந்தத் தாய்லாந்துப் பெண்ணிடமும் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் பேசியிருக்க மாட்டார்கள். ஆனால் எங்களைப் பற்றிப் பாடம் எடுப்பதில் ஒவ்வொருவரும் பேராசிரியர். தலைமைப் பேராசிரியர் ரோலண்ட் என்ற கிழவர்.

"முதல்ல சிரிப்பாளுங்களாம். அப்புறம் தம்பிக்கு பைக், அப்பாவுக்கு ஆபரேஷன். கடைசியில வீட்டு எருமைக்குக் காய்ச்சல்னு பணம் கேட்டு வந்து நிப்பாளுங்களாம். ரோலண்ட் சொல்றான்" என்று டெரிக் என்னிடமே சொல்லிச் சிரிப்பார்.

"எங்க வீட்டு எருமைக்கு இப்ப தேவலை. விசாரிச்சதுக்கு நன்றி சார்."

"ஐயோ, உங்களைச் சொல்லல. நீங்க வேற."

என்னிடம் பேசிய எல்லா வெள்ளைக்காரர்களும் இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். நீங்க வேற. வேறாக இல்லாத அந்தப் பெண்களை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஜிந்தனாவை அவருக்கு அறிமுகம் செய்தது நான்தான். அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர், நாற்பத்தாறு வயது, கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம். சொந்த வீடு, சொந்தக் கார், பின்னாளில் பென்ஷனும் உண்டு. முதல் தடவை சேர்ந்து சாப்பிடப் போன மறுநாள் காலை டெரிக் குதித்துக்கொண்டு வந்தார்.

"அக்கா பொண்ணு, கூட வேலை பாக்கறவங்கன்னு ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்துட்டா! மேசை நிறைய மீனு, இறாலு. ரோலண்ட் சொன்னது சரியாப் போச்சு."

"பில்லை யாரு கொடுத்தா?"

"நான் பாத்ரூம் போயிருந்தப்ப அவதான் கொடுத்துட்டா."

"அப்புறம் என்ன வயித்தெரிச்சல்? முதல் நாளே தனியா வந்தா ஊரு என்ன பேசும்? துணைக்கு ஆளோட வந்திருக்கான்னா உங்களைப் பெருசா நினைக்கிறான்னு அர்த்தம் சார்!"

முகம் சிவந்துவிட்டது அவருக்கு. அதன் பிறகு இரண்டு வருடம் ஞாயிறு மதியச் சாப்பாடு ஜிந்தனா வீட்டில்தான். அவள் அம்மா பம்ப்ளிமாஸ் உரித்து, சுளை சுளையாக அவர் தட்டில் வைப்பாள். அந்த வீட்டில் யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காததே அவருக்குச் சந்தேகமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

போன ஏப்ரலில் அந்தக் கடைசி வரிக்கு வந்தோம்.

"ஜிந்தனா பேரைப் பென்சில்ல எழுதுங்க."

"பேனா இருக்கு சார்."

"பென்சில் போதும்."

பென்சிலில் எழுதினேன்.

ஆகஸ்டில், நல்ல மழையில், ஜிந்தனாவின் அம்மா இறந்துபோனாள். கோயிலில் சவப்பெட்டியை வைத்து ஐந்து நாள், மாலைதோறும் பிக்குகள் ஓதுவார்கள். ஒவ்வொரு மாலைக்கும் ஓர் உபயம். உபயக்காரர் பெயரை ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள், அவர்கள்தான் முன் வரிசையில் உட்கார வேண்டும். ஜிந்தனா கறுப்புச் சட்டையில் எங்கள் அலுவலகத்துக்கே வந்தாள்.

"மூணாவது நாள் உபயம் என் பேர்லயும் உங்க பேர்லயும் போட்டிருக்கேன். வந்துடுங்க" என்று டெரிக்கிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று அவர் பீர் கடைக்குப் போனார். சனிக்கிழமைகூட இல்லை. மறுநாள் தடித்த உறை ஒன்றை என் மேசையில் வைத்தார்.

"உபயம்னா மொத்தச் செலவும் நம்ம தலையிலதான்னு ரோலண்ட் சொல்றான். இதைக் கொடுத்துடுங்க. நான் வரல."

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். செலவை அவள் எப்போதோ கட்டிவிட்டாள், ஊர் முன்னால் உங்களைத் தன் ஆள் என்று சொல்கிறாள், அவ்வளவுதான் என்று. சொல்லவில்லை. இத்தனை வருடமாக விளக்கி விளக்கி எனக்கு வெறுத்துப் போயிருந்தது. அந்த உறையைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. பேசாமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அதற்காக இன்றுவரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் மாலை ஒலிபெருக்கியில் இரண்டு பெயரையும் வாசித்தார்கள். 'ஹால்டன்' அவர்கள் வாயில் உடைந்து வந்தது. எல்லாத் தலைகளும் திரும்பின. ஜிந்தனா கைகூப்பி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலி ஓதி முடியும்வரை காலியாகவே இருந்தது.

கஞ்சி பரிமாறும்போது உறையை நீட்டினேன். அவள் பிரிக்கவில்லை.

"நான் கேட்டது பக்கத்துல உட்கார ஒரு ஆளை, அக்கா. திருப்பிக் கொடுத்துடுங்க."

மறுநாள் உறையை அவர் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தகனத்தன்று கறுப்புச் சட்டை போட்டு வந்து, வரிசையின் கடைசியில் நின்று, எல்லாரையும் போலச் சந்தனச் சீவலில் செய்த பூவைப் பெட்டியடியில் வைத்தார். ஜிந்தனா அவரைக் கும்பிட்டாள். கடை முதலாளிக்கும் தபால்காரருக்கும் வைத்த அதே கும்பிடு.

"வந்ததுக்கு ரொம்ப நன்றிங்க" என்றாள்.

சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஞாயிறு மதியம் அவர் மறுபடி சந்தை ஸ்டூலில் உட்கார ஆரம்பித்தார்.

இந்த ஏப்ரலில் பழைய விண்ணப்பத்தை எடுத்து வைத்தேன். அவர் என் ரப்பரை வாங்கி, பென்சில் எழுத்தைத் தானே அழித்து, தூளை ஊதினார். தடம் போகவில்லை.

"இப்ப யார் பேரு சார்? ரோலண்டா?"

"அவனை மகள் வந்து ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டா." மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க பேரை எழுதிக்கலாமா ஒராபின்? தொந்தரவு ஒண்ணும் வராது."

பேனாவை எடுத்து என் பெயரை எழுதினேன். பக்கத்தில் 'உறவு' என்று ஒரு கட்டம். நிமிர்ந்து பார்த்தேன். அவருக்கும் தெரியவில்லை.

'அலுவலகம்' என்று எழுதினேன்.