ஆறுதலாகப் போடச் சொன்னது

சுவிஸ் நகரான வின்டர்தூரில் எங்கள் ஈழத்தமிழர் கிரிக்கெட் அணிக்குப் புதிதாக ஒரு வேகப்பந்து வீச்சாளரைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற பேச்சு அந்த வசந்தகாலம் முழுக்க ஓடியது. அவர் வந்தால் வெளியே உட்கார வேண்டியவன் நான். அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ரெனானில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். நொஷாட்டலில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கியதில் வலது தோள் போனது. பிறகு வின்டர்தூர். எந்த ஊரிலும் ஒட்டாத கால்கள் ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு மட்டும் தவறாமல் வந்தன. அந்த இடத்தை விட எனக்கு மனமில்லை.

புதியவர் கோயம்புத்தூர்க்காரர், கணினி வேலைக்கு வந்தவர். அவர் ஆடிய அணி ஆள் சேராமல் கலைந்துவிட்டது.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. அந்தாள் நல்லாப் போடுதாம்" என்றார் எங்கள் அணித்தலைவர்.

"நான் எங்க கோவிச்சன்? நாளைக்குக் கொம்பனி அவரை வேற நாட்டுக்கு மாத்தினால் என்ன செய்வியள்?"

"உங்கட தோளுக்கு மட்டும் நிரந்தர விசாவோ?" என்றான் விக்கெட் காப்பாளன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

சரி, போடச் சொல்லிப் பார்ப்போம் என்று அவரை வரவழைத்தோம். தலைவரே மட்டை பிடித்தார். முதல் பந்தில் ஸ்டம்ப் பறந்தது. அடுத்தது காதை உரசிக்கொண்டு போனது. தலைவர் ஹெல்மெட் போட்டிருக்கவில்லை.

"தம்பி, ஆறுதலாப் போடும்!" என்று கத்தினார்.

வந்தவர் அப்படியே நின்றார். "பரவாயில்லைங்க" என்று சொல்லி, பந்தைப் புல்லில் வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தார்.

"தண்ணி குடிக்கப் போறாரோ?" என்றான் விக்கெட் காப்பாளன்.

எனக்கு விளங்கிவிட்டது. ரெனான் சமையலறையில் மதுரைக்காரர் ஒருவரிடம் நான் "வெங்காயத்தை ஆறுதலா வெட்டுங்கோ" என்றபோது, "நான் என்ன அழுவுறனா?" என்று அவர் கேட்டிருக்கிறார். எங்களுக்கு ஆறுதல் என்றால் அவசரப்படாமல், மெதுவாக. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அது மனம் உடைந்தவருக்குச் சொல்வது.

பேசாமல் நின்றிருந்தால் என் இடம் என்னிடமே இருந்திருக்கும். ஆனால் அந்த இரண்டு பந்துகளையும் பார்த்துவிட்டேனே. ஓடினேன்.

"எங்க தம்பி போறீர்?"

"வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்க போலங்க. ஆறுதல் பரிசு மாதிரி, சும்மா ரெண்டு பந்து போட்டுட்டுப் போன்னு சொல்றாருன்னு நெனச்சேன்."

"ஐயோ, மெதுவாப் போடச் சொன்னது. அந்தாள் பயந்திட்டுது!"

அவர் சிரித்த சிரிப்பில், வந்து நின்ற பஸ்ஸில் ஏறவில்லை.

"அப்ப டீம்ல இடம் இருக்குங்களா?"

"ஓம், இருக்கு."

"யாரோட இடம்ங்க?"

"என்ர."

அவர் முகம் மாறியது. "அப்ப நீங்க?"

"தோள் ஒரு வருசமா லீவு கேக்குது. எங்களுக்கு ஒழுங்கான அம்பயரும் இல்லை. வாரும்."

அம்பயராக நிற்பது எனக்குப் பிடித்துவிட்டது. பந்து அவர் கையைவிட்டுப் புறப்படுவதை அவ்வளவு பக்கத்திலிருந்து வேறு யாரும் பார்ப்பதில்லை. முதல் ஆட்டத்திலேயே மட்டையாளரின் காலில் பட்ட பந்துக்கு அவுட் கேட்டு என்னைப் பார்த்துக் கத்தினார். பந்து ஸ்டம்புக்கு வெளியே போயிருக்கும், நான் கொடுக்கவில்லை. மதியம்வரை என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில்தான் வந்து உட்கார்ந்தார்.