வெயிலில் வந்த கலங்கல்

குற்றாலத்தில் என் பெயரைச் சொல்லி ஆட்டோவில் ஏறினால், வழி கேட்காமல் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். மூன்று லாட்ஜ் இருக்கிறது. தென்காசியில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசி மூன்று மாதம் போகவில்லை. பேரன் செல்போனில் மேகத்தைப் படமாகக் காட்டி, "தாத்தா, சாயங்காலம் ஆறு மணிக்கு மழை" என்பான். நான் மாடியில் நின்று மலையை ஒரு பார்வை, ஆற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இல்லலே, மூணு மணிக்கே" என்பேன். மூன்று மணிக்கே வரும். சீசன் நேரத்தில் அருவியில் தண்ணீர் கூடினால் இப்போது விசில் ஊதி ஆட்களை வெளியேற்றுகிறார்கள். அந்த விசில் வருவதற்கு முன்னால் இந்த ஆற்றுக்கு விசிலாக இருந்தவன் நான். என் ஆயுசில் ஒரே ஒரு முறைதான் தண்ணீர் என்னை ஏமாற்றியது. அப்படித்தான் முப்பது வருடம் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீடு மலையடிவாரத்தில், ஆற்றின் மேலக்கரையில் இருந்தது. எங்களுக்கு மேலே வேறு வீடு கிடையாது, வயல் கிடையாது; பாறையும் காடும்தான். ரோடு, கடை, பள்ளிக்கூடம் எல்லாம் கீழக்கரையில். நடுவே ஆற்றைத் தாண்டப் பதினோரு கல். எந்தக் காலத்திலோ யாரோ உருட்டிப் போட்டவை. ஆறாவது கல்லுக்கு 'வழுக்கன்' என்று பெயர். அதில் விழாத மாப்பிள்ளை எங்கள் பக்கத்தில் கிடையாது.

வெளியூர்க்காரர்களுக்குப் புரியாத விஷயம் ஒன்று உண்டு. எங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே மலை உச்சியில் மழை கொட்டும். கணுக்கால் அளவு ஓடிய தண்ணீர், ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் கழுத்துக்கு வந்துவிடும். அதனால் எங்களிடம் ஓர் ஊர்க்கட்டுப்பாடு இருந்தது. ஆற்றில் யாராவது "தண்ணி வருதோய்" என்று கத்திவிட்டால், கத்தினது பெரியவனா பொடியனா என்று பார்க்கக் கூடாது. துணி, பாத்திரம், மாடு, எது கிடந்தாலும் அப்படியே போட்டுவிட்டுப் பக்கத்துக் கரையில் ஏறிவிட வேண்டும். கேள்வியெல்லாம் கரையில் நின்றுதான். அதே மாதிரி, விளையாட்டுக்குக் கத்தினவனை எந்த வீட்டிலும் சோறு போட்டு உட்கார வைக்க மாட்டார்கள்.

அந்தக் கத்தலில் நான் கெட்டிக்காரன். அதற்கு முந்தின வருடம் நான் போட்ட ஒரு சத்தத்தில் ஏழு ஆடுகளும் ஒரு பெரியப்பாவும் பிழைத்தார்கள். பெரியப்பா அதை ஒத்துக்கொள்ள மாட்டார். ஆடுகளுக்கு வாய் இருந்தால் சொல்லும்.

அந்த ஆனி மாதம் எங்கள் அத்தையைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அப்பாவின் கடைசித் தங்கச்சி. பத்தொன்பது வயது. ஆம்பிளைகள் மாதிரி நீச்சல் அடிப்பாள், சிரித்தால் கீழக்கரைக் கடையில் கேட்கும். மாப்பிள்ளை கடையம் பக்கத்து ஆள், அரிசி மில்காரர். நாற்பது தாண்டியவர், முதல் மனைவி தவறியவர்; அத்தை தோள் உயரத்துக்கு ஒரு மகன் இருந்தான். சீர் எதுவும் வேண்டாம், பெண்ணை மட்டும் அனுப்பினால் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அப்பாவுக்கு அந்த வார்த்தை தேனாக இருந்தது. அத்தையிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அத்தை முற்றத்துச் சுவருக்குச் செம்மண் பட்டை அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு கூடை செம்மண். நான் சும்மா போய் நின்றேன்.

"ஏலே, வெள்ளம் வருதுன்னு நீ எப்படிலே கண்டுபிடிக்க?" என்றாள்.

என்னிடம் பெரியவர்கள் யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "முதல்ல சருகு வரும் அத்தை. ஒண்ணு ரெண்டு இல்ல, கும்பலா வரும். அதுக்குப் பொறவு கலங்கல். டீத்தண்ணி மாதிரி. கலங்கலப் பாத்துட்டா ஒரு நிமிஷம் நிக்கப்படாது."

"சருகுக்கும் கலங்கலுக்கும் நடுவுல எம்புட்டு நேரம் இருக்கும்?"

"இருவது எண்ணலாம்."

"நெசமாவா?"

"எங்கிட்டயா கேக்க?" என்றேன்.

உண்மையில் மூன்றாவதாக ஒன்று உண்டு. சருகுக்கும் முன்னால் ஆற்றின் சத்தம் மாறும். சலசலப்பு போய், பாறைக்குள் யாரோ உரலில் இடிக்கிற மாதிரி ஒரு உறுமல் கேட்கும். அதை மட்டும் நான் அத்தைக்குச் சொல்லவில்லை. தொழில் ரகசியம் ஒன்றாவது கையில் இருக்க வேண்டும் அல்லவா? அந்த வயதிலேயே எனக்கு வியாபாரப் புத்தி.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும். அதற்குள் பெண் பார்த்து, தட்டு மாற்றிவிட வேண்டும். காலையிலேயே வீடு அல்லோலகல்லோலம். வாசலுக்குக் காவி போட வைத்திருந்த இன்னொரு கூடைச் செம்மண்ணைக் காணவில்லை என்று அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கலே கொண்டுபோயிக் கொட்டின?"

"நான் தொடவே இல்ல."

"நீ தொடாம கூடை நடந்தா போச்சு?"

அந்தக் குற்றத்துக்கு ஒரு குட்டு. அத்தை தலைக்குக் குளிக்க மேலே வளைவுக்குப் போனவள் இன்னும் வரவில்லை என்று இன்னொரு சத்தம். ஆறு திரும்புகிற அந்த வளைவில், மூங்கில் புதருக்குப் பின்னால்தான் பெண்கள் குளிக்கிற மடு. அங்கிருந்து பார்த்தால் ரோடும் கல்லும் தெரியும்; இங்கிருந்து பார்த்தால் மூங்கில்தான் தெரியும்.

பத்து மணிக்குக் கீழக்கரையில் பிளசர் கார் வந்து நின்றது. விருந்தாளிகளைக் கல் தாண்டிக் கூட்டி வருவது என் வேலை. வேறு யாரை நம்பி விட முடியும்? மாப்பிள்ளை, அவருடைய அம்மா, ஒரு மச்சான், மூன்று பேர். மாப்பிள்ளை பளபளவென்று வேட்டி கட்டி, மீசைக்கு மை போட்டிருந்தார். அவர் அம்மா பட்டுச் சேலையும் கையில் பித்தளைத் தாம்பாளமுமாக இருந்தார். தாம்பாளத்தில் தேங்காய், பழம், பூ. அதை என்னிடம் கொடுக்கச் சொன்னேன். "போலே, நீ போட்டு ஒடைக்கவா" என்று தாமே வைத்துக்கொண்டு, மறு கையால் என் தோளைப் பிடித்தார். அந்தப் பிடி இன்னும் வலிக்கிறது.

முதல் கல், இரண்டாவது கல் என்று எண்ணிக்கொண்டே போனோம். அந்த அம்மாள் வாய் ஓயவில்லை. "இம்புட்டுத் தூரம் தண்ணியத் தாண்டிப் பொண்ணு எடுக்கணும்னு என் மவன் தலையில எழுதிருக்கு பாரு" என்று பின்னால் வந்த மச்சானிடம் சொன்னார். மேலக்கரையில் அப்பா கைகூப்பி நின்றார். அந்த அம்மாள் வழுக்கன் மேல் ஒரு காலை வைத்த நேரத்தில் நான் மேலே பார்த்தேன்.

சருகு வந்தது. ஒன்று இரண்டு அல்ல, கும்பலாக. மாவிலை, மூங்கில் இலை, வைக்கோல், சுள்ளி எல்லாம் சுழன்று சுழன்று வந்தன. எண்ணத் தொடங்கினேன். சத்தம் மாறவில்லையே என்று ஒரு நினைப்பு வந்தது. இந்த அம்மாள் பேசுகிற பேச்சில் எந்தச் சத்தம் கேட்கும் என்று என்னையே சமாதானப்படுத்தினேன். பதினெட்டு எண்ணுவதற்குள் கலங்கல் வந்துவிட்டது. வெள்ளி மாதிரி ஓடிய தண்ணீரில் சிவப்பாக ஒரு நாக்கு நீண்டு எங்கள் கல்லைத் தொட்டது.

"தண்ணி வருதோய்! ஏறுங்க! ஏறுங்க!"

"வெயிலு பல்லக் காட்டுது, இவன் வெள்ளம்ங்கான்" என்று அந்த அம்மாள் சொல்லி முடிப்பதற்குள் மச்சான் திரும்பி ஓடிவிட்டார். மாப்பிள்ளை தாயை விட்டுவிட்டு வேட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று கல்லை ஒரே தாவாகத் தாவினார். நாற்பது வயது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் அந்த அம்மாளைப் பிடித்து இழுத்தேன். வழுக்கன் தன் வேலையைக் காட்டிவிட்டது. பட்டுச் சேலையோடு இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். தாம்பாளம் முழுகியது, தேங்காய் மட்டும் தனியாகத் தென்காசிக்குப் புறப்பட்டது. நான்தான் அவரைக் கீழக்கரைக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தேன். ஒன்பது வயதுப் பையன், அந்த எடை. இதையும் யாரும் எழுதி வைக்கவில்லை.

கரையில் எல்லாரும் நின்று பார்த்தோம். இக்கரையில் நாங்கள், அக்கரையில் அப்பா, அம்மா, சொந்தக்காரர்கள். ஒரு வெற்றிலை போடுகிற நேரம் ஆயிற்று. இரண்டு வெற்றிலை நேரம் ஆயிற்று. சிவப்பு மெல்லக் கரைந்து போய், ஆறு கண்ணாடி மாதிரித் தெளிந்தது. மீன் குஞ்சு தெரிந்தது.

"ஏலே, எங்கலே தண்ணி?" என்று அப்பா அக்கரையிலிருந்து கேட்டார்.

நான் மலையைப் பார்த்தேன். மலை என்னைப் பார்த்தது.

மச்சான் கைக்கடிகாரத்தைப் பார்த்து, மணி பத்தரை தாண்டிவிட்டது என்றார். அந்த அம்மாள் சேலையைப் பிழிந்துகொண்டே மகனிடம் சொன்னார்: "மொத எட்டே ஆத்தோட போச்சு. ஆத்துல இருக்க ஆத்தாளே வேண்டாங்கா. இந்தப் பொண்ணு நமக்கு ஆவாது, வண்டிய எடுக்கச் சொல்லு." தாயை நடு ஆற்றில் விட்டுவந்த மகன் எதிர்த்துப் பேச வாய் இல்லாமல் காரில் ஏறினார். அப்பா கல்லில் பாதி தூரம் ஓடி வந்தார். அதற்குள் கார் போய்விட்டது.

புளியம் விளாறு முறிகிறவரை அப்பா அடித்தார். அடி எனக்குப் பெரிதில்லை. "இனிமே இவன் கத்தினா ஒருத்தரும் ஏறாதீங்க" என்று சொந்தக்காரர்கள் முன்னால் சொன்னாரே, அதுதான் சுட்டது. பெரியப்பா, "ஆடு பொழச்ச கதையும் இதே கதைதான் போல" என்றார். என் ஏழு ஆடுகளும் அத்தோடு செத்தன.

மத்தியானம் மாட்டுத் தொழுவத்தில் குப்புறப் படுத்திருந்தேன். அத்தை தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தொடையில் தடவினாள். தலைமுடி இன்னும் ஈரம். விரல் நகங்களுக்குள் சிவப்பாக இருந்தது. முந்தின நாள் பட்டை அடித்த மண் போலிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே அழுதேன்.

மறு வருடம் தை மாதம், வடகரையில் தென்னந்தோப்பு வைத்திருந்த ஒருவருக்கு அத்தையைக் கொடுத்தார்கள். அவள் வயதுக்கு ஏற்ற ஆள். தாலி கட்டும்போது சிரித்த மணப்பெண்ணை எங்கள் ஊர் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. சீசனுக்கு வந்தவர்களின் பெட்டி தூக்கினேன், டீ விற்றேன், ஒரு பெஞ்சு போட்டேன், ஓட்டுக் கூரை போட்டேன், மாடி எடுத்தேன். இரண்டாவது லாட்ஜ் கட்டும்போது, சித்தாள் ஒருத்தி செம்மண் கூடையை என் கண் முன்னால் வாய்க்காலில் அலசினாள். முதலில் கூடையில் ஒட்டியிருந்த வைக்கோலும் சருகும் மிதந்து போயின. பிறகு சிவப்பாக ஒரு நாக்கு நீண்டது. மேஸ்திரி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டுக்கு மேலே வயல் ஏது? காட்டிலிருந்து வைக்கோல் எப்படி வரும்?

அன்று சாயங்காலமே வடகரைக்குப் போனேன். அத்தை தோப்பில் ஓலை பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஒரே கேள்விதான் கேட்டேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருந்தா, மண்ணு இல்லாமலே கத்திருப்பேம்லா அத்தை?"

அவள் நிமிர்ந்து சிரித்தாள். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நீ கத்திருப்ப. ஒங்கப்பா போடுற ரெண்டு அடியில உண்மையக் கக்கிருப்ப" என்றாள். பிறகு ஓலையைக் கீழே போட்டுவிட்டு என் தொடையைப் பார்த்தாள். "அடி இம்புட்டு விழும்னு நெனைக்கல மக்கா."

திரும்பி வரும்போது அந்தத் தொழுவம்தான் ஞாபகத்தில் இருந்தது. அவள் எண்ணெய் தடவத் தடவ, நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, இனிமேல் ஆற்றைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அத்தை என் வாயைப் பொத்தினாள். "அப்படிச் சொல்லாதலே. தண்ணி பாக்க ஒன்ன மாதிரி இந்த ஊருல வேற ஆளு உண்டா? நான் நம்புதேன்லா" என்றாள்.

அடிபட்ட பிள்ளைக்கு யாரும் சொல்கிற ஆறுதல் என்று நினைத்துத் தூங்கிப்போனேன். ஐந்தாம் வகுப்பு தாண்டாதவனுக்கு ஆயுசில் கிடைத்த ஒரே சர்டிபிகேட் அதுதான்; என் கத்தலை நம்பியே கூடையைக் கவிழ்த்தவள் கொடுத்தது. கையில் வாங்கியது அன்றைக்குத் தெரியவில்லை.