தம்பிக்கு அனுப்பிய பந்து

எனக்கு அம்மை குத்தியது, அதாவது பெரியம்மைக்குத் தடுப்பு மருந்து வைத்தது, எட்டு வயதில். என் வயதுப் பிள்ளைகளுக்கெல்லாம் கைக்குழந்தையிலேயே குத்தி, தழும்புகூடப் பழசாகியிருந்தது. நான் மட்டும் பாக்கி. நான் பிறந்த வருஷம், அம்மை குத்துகிறவர் வீதிக்குள் நுழைந்ததுமே என்னைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சோளக்காட்டுக்குள் உட்கார்ந்துகொண்டார்களாம். குத்தினால் காய்ச்சல் வரும், பிள்ளை பால் குடிக்காது என்று பயம். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், தம்பிக்கு உடம்பு கெடும் வரைக்கும்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. திருப்பூரில், வீரபாண்டி போகிற சாலையை ஒட்டி எங்கள் வீடு. அப்பாவுக்குப் பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிற மேசையில் வேலை. கை, கழுத்து வெட்டியது போக விழுகிற துண்டுகளுக்கு வேஸ்ட் என்று பெயர். பெயர்தான் வேஸ்ட், எங்கள் வீட்டில் அதற்கு இருந்த மரியாதை பட்டுக்குக்கூட இருந்ததில்லை. சட்டி இறக்க, லாந்தர் துடைக்க, தலையணைக்குள் அடைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். ஒரு துண்டு தரையில் கிடந்தாலும் அம்மா எடுத்து உதறி மடித்து வைப்பாள். மிஞ்சியதில் எங்களுக்குப் பந்து. பனியன் துணி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதனால் இழுத்து இழுத்துச் சுற்றி, மேலே நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டினால் கல் மாதிரி கெட்டியாக நிற்கும். அப்பா சொல்லிக்கொடுத்து, நான் அப்பாவைவிட நன்றாகச் சுற்றுவேன். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

தம்பிக்கு நாலு வயது. அவனுக்கும் இன்னும் அம்மை குத்தியிருக்கவில்லை. ஒருநாள் காலையில் அவன் முகம் வீங்கி, கண் திறக்க முடியாமல் எழுந்தான். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "பையன் நல்லாச் சதை புடிச்சுட்டானுங்க" என்று சந்தோஷப்பட்டார். நாலைந்து நாளில் காலும் வயிறும் வீங்கிக்கொண்டன. கோயமுத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சிறுநீரகக் கோளாறு என்று சொல்லி, அங்கே ஒரு டாக்டர் சின்னச் சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார். வீக்கம் வடிந்தது. பசி மட்டும் பேயாகப் பிடித்துக்கொண்டது. கன்னம் இரண்டும் உப்பி, அவன் இட்லிக்கு அழுகிற அழகைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

அந்தச் சமயத்தில் எங்களுக்கு இரண்டு வீதி தள்ளிப் பெரியம்மை வந்துவிட்டது. அம்மா பதறிப்போய் மறுபடியும் கோயமுத்தூர் போனாள். டாக்டர் நிறுத்தி நிதானமாகச் சொல்லி அனுப்பினாராம். மாத்திரை சாப்பிடுகிற வரை பையனுக்கு அம்மை குத்தவே கூடாது. ஆனால் வீட்டில் குத்தாதவர் யாராவது இருந்தால் உடனே குத்திவிட வேண்டும், அப்போதுதான் நோய் இவனிடம் வராது. குத்திய புண் காய்ந்து பொருக்கு உதிரும் வரை அந்த ஆள் இவன் பக்கத்திலேயே வரக் கூடாது. புண்ணில் பட்ட துணியை எரித்துவிட வேண்டும். இதையெல்லாம் ஒரு சீட்டிலும் எழுதிக் கொடுத்திருந்தார்.

அம்மை குத்துகிறவர் மறுநாள் வந்தார். எங்கள் வீதி பொய் சொல்வதில் தேர்ந்தது. பிள்ளை ஊருக்குப் போயிருக்கிறது, பிள்ளைக்குப் போன மாசமே குத்தியாயிற்று, எங்களுக்குப் பிள்ளையே இல்லை என்று வீட்டுக்கொரு கதை. எல்லாவற்றையும் கேட்டுச் சலித்துப்போய் எங்கள் வாசலுக்கு வந்தவரிடம் அம்மா உண்மையைச் சொன்னாள். அவர் அதைத்தான் நம்பவில்லை. அம்மா சீட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு குரலே மாறிவிட்டது.

"சரிங்கம்மா. பையனத் தொட மாட்டனுங்க. இந்தப் புள்ளைக்கு மட்டும் குத்திப்போட்டுப் போறனுங்க."

பல் வைத்த சின்னத் தட்டு ஒன்றை என் கையில் வைத்துத் திருகினார். வலியைவிட, தம்பி வாசற்படிக்கு உள்ளே நின்று வேடிக்கை பார்த்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அழுத கண்ணோடு அன்றைக்கே என்னை அவிநாசிக்கு, மாமாவின் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கூடவே ஒரு மூட்டை வேஸ்ட், புண்ணுக்குக் கட்ட.

ஏன் அனுப்பினார்கள் என்று எனக்கு யாரும் விளக்கவில்லை. "நீ பக்கத்துல இருந்தாத் தம்பிக்கு ஆகாது கண்ணு" என்றாள் அம்மா, அவ்வளவுதான். எட்டு வயசுக்கு அது எப்படி விளங்கும்? நான் ஆகாதவள், அவன் ஆனவன் என்று எடுத்துக்கொண்டேன்.

மாமா அம்மாவுக்கு அண்ணன். அவசரம் என்றால் என்னவென்று தெரியாத மனிதர். ஆடு பயிரில் இறங்கினாலும் வெற்றிலையைப் போட்டு முடித்துவிட்டுத்தான் எழுவார். அத்தை நேர்மாறு. தினமும் காலையில் என் கைக்கட்டை அவிழ்த்து, புதுத் துணி சுற்றி, பழையதைக் குச்சியால் எடுத்து வெந்நீர் அடுப்பில் போடுவார். எனக்கு வயிறு எரியும். வெள்ளை வெளேரென்ற துணி, நடுவில் காலணா அகலத்துக்கு ஒரு கறை, அதற்காக முழுத் துண்டையும் எரிப்பதா? பனியன் துணி வெட்டுகிறவர் மகள் நான். அம்மா பார்த்தால் என்ன சொல்வாள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். கிணற்று மேட்டிலேயே நின்றுகொண்டார். நான் மாட்டுக் கொட்டகை ஓரம். நடுவில் ஒரு வண்டி போகிற இடைவெளி. "காச்சலு உட்டுருச்சா சாமி? நல்லாச் சாப்புடோணும்" என்று அங்கிருந்தே கேட்டார், அங்கிருந்தே போனார். அம்மா வரவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படித்தான் என்று தெரிந்ததும் நான் ஒரு காரியம் செய்தேன்.

அந்த வாரம் முழுக்க, அத்தை அடுப்பை ஊதக் குனியும்போது ஒவ்வொரு துண்டாக எடுத்து ஒளித்தேன். ஆறு துண்டு சேர்ந்தது. கறை உள்ளே போகும்படி மடித்து, அவற்றை நடுவில் வைத்து, மேலே புதுத் துணியை இழுத்து இழுத்துச் சுற்றினேன். நான் செய்ததிலேயே அதுதான் நல்ல பந்து. என்னை வேண்டாமென்று அனுப்பினாலும் தம்பிக்கு என் ஞாபகம் வரட்டும் என்று நினைத்தேன். அவன்மேல் எனக்கு அவ்வளவு ஆசை. அப்பா வந்த ஞாயிறு, அவர் மாமாவோடு பேசிக்கொண்டிருந்த நேரம், அத்தை கட்டிவைத்திருந்த முருங்கைக்காய்ப் பைக்குள் பந்தைத் திணித்துவிட்டேன். அப்பா பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மத்தியானம் மாமா சாப்பிட உட்கார்ந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"மாமா, தம்பிக்குப் பந்து குடுத்து உட்டுட்டனுங்க."

"அப்புடியா கண்ணு? துணி ஏது?"

"அத்தை எரிக்கற துணிதானுங்க. நல்ல துணி. கறையெல்லாம் உள்ள வச்சுச் சுத்திட்டனுங்க."

அத்தையின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. மாமா எழுந்தார். சோற்றுக் கையைக்கூடக் கழுவவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளைத் தள்ளி ஓடி, ஓட்டத்திலேயே ஏறினார். மாமா ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்பாவைத் துரத்திப் பிடித்து விளையாடப் போகிறார் என்று நினைத்து நான் கைதட்டிச் சிரித்தேன். அத்தை என்னைத் திட்டவில்லை. முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே தூணைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார்.

மாமா மறுநாள் காலையில்தான் திரும்பினார். முகம் கறுத்திருந்தது.

"பந்து புடிச்சுதுங்களா தம்பிக்கு?"

"ரொம்பப் புடிச்சுது கண்ணு. ஒரே அடி அடிச்சான், சாக்கடைக்குள்ள உழுந்து போச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்னொன்று செய்கிறேன் என்றேன். "வேண்டாஞ் சாமி, ஊட்டுக்குப் போயிச் செய்யலாம்" என்றார்.

நடந்தது இது. மாமா போய்ச் சேர்ந்தபோது தம்பி பந்தைக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டு படுத்திருந்தான். அம்மா இடுக்கியால் பிடுங்கி அடுப்பில் போட்டாள். அவனைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, அடுத்த பஸ்ஸில் கோயமுத்தூர் கொண்டுபோனார்கள். டாக்டரும் திட்டவில்லை, அவர் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும் என்று அப்பா பிற்பாடு சொன்னார். அம்மை குத்துகிற மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி. என் உடம்பு அதோடு மல்லுக்கட்டி ஒரே ஒரு புண்ணோடு நிறுத்திக்கொண்டது. தம்பி சாப்பிட்ட மாத்திரை நோயை அடக்கியதோடு உடம்பின் எதிர்ப்பையும் சேர்த்து அடக்கி வைத்திருந்தது. அவனுக்குத் தொற்றியிருந்தால் உடம்பெங்கும் பரவியிருக்கும், பிழைப்பது கஷ்டம். இரண்டு வாரம் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த இரண்டு வாரமும் அம்மா தினமும் காலை வெளிச்சத்தில் அவன் சட்டையைக் கழற்றி, விரலிடுக்கு வரை பார்த்தாளாம். ஒருநாள் மணிக்கட்டில் ஒரு தடிப்பு. வீடே செத்துப் பிழைத்தது. கொசுக்கடி.

அவனுக்கு ஒன்றும் வரவில்லை. எங்கள் அதிர்ஷ்டம், வேறென்ன சொல்ல. பின்னால் மாத்திரை நின்று, டாக்டர் சரி என்ற பிறகு அவனுக்கும் அம்மை குத்தினார்கள். இன்றைக்கு அவனுக்கு மூன்று பேரப்பிள்ளைகள்.

எனக்கு இதெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும். அதுவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் வைத்திருந்த கணக்கே வேறு. அப்பா வந்தார், தள்ளி நின்றாவது பார்த்தார். அம்மா ஒரு தடவைகூட வரவில்லை. அவிநாசி என்ன அமெரிக்காவா? அவளுக்குப் பையன்தான் பெரிது என்ற நினைப்பு முள்ளாகத் தைத்தே கிடந்தது. கோபம் வந்தால் அதைச் சொல்லியும் காட்டியிருக்கிறேன். அவள் பதில் சொன்னதில்லை.

பதில் மாமா வாயிலிருந்துதான் வந்தது, அவரது கடைசிக் காலத்தில். பந்தை எரித்த அன்றைக்கு மாமா அவளிடம் கேட்டாராம், ஒரு நடை வந்து பிள்ளையை எட்ட நின்றாவது பார்த்துவிட்டுப் போகலாமே, மாப்பிள்ளை வரவில்லையா என்று.

"அவருக்கு ஆகுதுங்ணா" என்றாளாம் அம்மா. "எனக்கு எட்ட நிக்க ஆகாதுங்ணா. பாத்தாக் கட்டிப் புடிச்சுப்போடுவேன்."