கிள்ளையில் தண்ணீர் ஏறும் நேரம்

சிதம்பரத்தில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் நானும் என் நண்பனும் எட்டு வருஷம் டியூஷன் நடத்தினோம். ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும். அவன் அறிவியல், நான் சமூக அறிவியல். கல்லூரியில் ஒரே விடுதி அறையில் இருந்தவர்கள். அவன் காடாம்புலியூர்க்காரன், சிதம்பரத்திலேயே அறை எடுத்துத் தங்கியிருந்தான். நான் கடலூரிலிருந்து தினமும் மதியம் பஸ் ஏறி வருவேன். பிள்ளைகள் முன்னால் ஒருவரையொருவர் ‘சார்’ என்போம். படி இறங்கிவிட்டால் ‘மச்சான்’தான்.

சனிக்கிழமை பாடம் கிடையாது. அன்று கேள்வி நாள். பிள்ளைகள் துண்டுச் சீட்டில் கேள்வி எழுதிக் கொடுப்பார்கள். ரத்தம் சிவப்பென்றால் கையில் ஓடும் நரம்பு ஏன் பச்சையாகத் தெரிகிறது? மாடியிலிருந்து விழுந்தும் எறும்பு ஏன் சாவதில்லை? ராஜ்யசபாவைக் கலைக்கவே முடியாது என்றால் பிடிக்காத எம்.பி.யை எப்படி அனுப்புவது? அவரவர் பாடத்துச் சீட்டுக்கு அவரவர் பதில் சொல்வோம். இது அவன் கொண்டுவந்த ஏற்பாடு.

அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. பதில் தெரியாவிட்டால் யோசிக்கவே மாட்டான். “தெரியலையே. அடுத்த சனிக்கிழமை சொல்றேன்” என்று சிரித்தபடி நோட்டில் குறித்துக்கொள்வான். அடுத்த வாரம் மறக்காமல் சொல்லவும் செய்வான். எனக்கு அது கூச்சமாக இருக்கும். நான் ஒருநாளும் தெரியாது என்று சொன்னதில்லை. எனக்கு நல்ல குரல். பாதி தெரிந்ததைக்கூட முழுசாகத் தெரிந்த மாதிரி சொல்ல வரும்.

ஒருமுறை பையனைக் கூட்டிப்போக வந்த அம்மா ஒருவர் என்னிடம், “சயின்ஸ் சார் நல்லாத்தான் நடத்துறாராம். ஆனா கேள்வி கேட்டா பாதி நேரம் தெரியலன்றாராமே” என்றார். அன்று டீக்கடையில் அவனிடம் சொன்னேன்.

“தெரியலன்னா தெரியலன்னுதானடா சொல்லணும்?” என்றான்.

“அது நமக்குத் தெரிஞ்சா போதும். பசங்களுக்கு எதுக்கு?”

அவன் டீயைக் குடித்து முடித்தான்.

அந்த வருஷம் ஒன்பதாம் வகுப்பில், பக்கத்துக் கடலோர ஊரான கிள்ளையிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். அப்பா உப்பனாற்றில் வலை போடுகிறவர். அதிகம் பேசமாட்டாள், ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளுடைய சீட்டு ஒன்று இருக்கும். நான் அந்த வாரம் கடல் ஓதங்கள் நடத்தியிருந்தேன். ஆறு மணி நேரம் தண்ணீர் ஏறும், ஆறு மணி நேரம் இறங்கும் என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். சனிக்கிழமை அவள் சீட்டில் எழுதியிருந்தது இதுதான்: ‘அப்படின்னா தினமும் ஒரே நேரத்தில் தண்ணீர் ஏற வேண்டும். எங்க ஊரில் அப்படி ஏறவில்லை. ஏன் சார்?’

நான் அதைச் சத்தமாகப் படித்தேன். “நாலு ஆறு எவ்ளோ? இருபத்துநாலு. கணக்கு சரியா இருக்கா? அப்போ தெனமும் ஒரே நேரம்தான்” என்றேன்.

அவள் எழுந்தாள். “இல்ல சார். தெனமும் முக்கா மணி நேரத்துக்கு மேல தள்ளிப் போவும். எங்கப்பா அதப் பாத்துத்தான் வலைக்குப் போவாரு.”

“உங்கப்பா வாட்ச் முக்கா மணி நேரம் ஸ்லோவா ஓடுதா?”

வகுப்பே சிரித்தது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். அந்த முகத்தை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

பக்கத்து நாற்காலியிலிருந்து என் நண்பன், “சார், அது சொல்றதுல விஷயம் இருக்கு. பாத்துட்டு அடுத்த வாரம் சொல்லலாமே” என்றான்.

“இது சோஷியல் சார். நீங்க உங்க பாக்கியை முடிங்க, அதுவே ஜாஸ்தியா கெடக்கு” என்றேன். பிள்ளைகள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அவனும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. பிறகு குனிந்து சீட்டுகளை அடுக்க ஆரம்பித்தான்.

திங்கட்கிழமை வகுப்புக்கு முன் ஒரு தாளை என்னிடம் நீட்டினான். பூமி, நிலா, ரெண்டு வட்டம். “பூமி ஒரு சுத்து சுத்தி வர்றதுக்குள்ள நிலா கொஞ்சம் முன்னாடி போயிடுதுடா. அதப் புடிக்க இன்னும் அம்பது நிமிஷம் ஆவுது. அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி. நீயே சொல்லிடு மச்சான். நான் சொன்னா நல்லா இருக்காது.”

“சனிக்கிழமை சொல்லிடறேன்” என்றேன்.

சனிக்கிழமை அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சீட்டு கொடுக்கவில்லை. சொல்லவேண்டும் என்றுதான் எழுந்தேன். முப்பது பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையிலிருந்த அடுத்த சீட்டைப் படித்துவிட்டேன். அதற்கடுத்த வாரம் மழை லீவு. அதற்கும் அடுத்த வாரம் பரீட்சை நெருங்கிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் ரெண்டு தடவை கேட்டான். மூன்றாவது தடவை கேட்கவில்லை.

மே மாதம் ஊருக்குப் போவதாகச் சொன்னான். “முந்திரித் தோப்ப அண்ணன் ஒண்டியா பாக்குறான். கூப்பிடறான்.” அது மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தோன்றியது. கேட்டால் என்ன சொல்வானோ என்று கேட்காமல் விட்டேன். பஸ் ஸ்டாண்டுவரை போய் வழியனுப்பினேன். கிள்ளைப் பெண் பத்தாம் வகுப்புக்கு வந்து சேரவில்லை. அதற்குப் பின் அறிவியலையும் நானே நடத்தினேன். எறும்பு ஏன் சாவதில்லை என்று வேறொரு பையன் கேட்டபோது என்னமோ சொல்லிச் சமாளித்தேன். சனிக்கிழமைச் சீட்டுகள் குறைந்தன. ரெண்டு வருஷத்தில் மாடியைக் காலி செய்துவிட்டு, கடலூரில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காகச் சிதம்பரம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். கூட்டம். ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். “சார், என்னைத் தெரியுதா? கிள்ளை.”

தெரிந்தது. கல்லூரியில் ஃபிசிக்ஸ் ரெண்டாவது வருஷம் படிப்பதாகச் சொன்னாள். பிறகு அவளாகவே ஆரம்பித்தாள்.

“உங்களுக்கு நான் ஒரு தேங்க்ஸ் சொல்லணும் சார். அன்னிக்கு நீங்க சயின்ஸ் சாரை எங்க ஊருக்கு அனுப்பினீங்கல்ல?”

எனக்குப் புரியவில்லை.

“ரெண்டு நாள் காலையில வந்தாரு சார். சேத்துல ஒரு குச்சிய நட்டு, தண்ணி எந்நேரத்துக்கு அந்த மட்டத்துக்கு வருதுன்னு அப்பாவோட நின்னு குறிச்சாரு. மறுநாள் அம்பது நிமிஷம் தள்ளித்தான் வந்துது. ‘சார் புத்தகத்தப் பாத்துட்டாரு, நீ சொன்னதுதான் சரியாம், உங்கிட்டயும் உங்கப்பாகிட்டயும் சொல்லச் சொன்னாரு’ன்னாரு. அப்பாவுக்கு அன்னிக்கு அவ்ளோ பெருமை.”

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். “அப்புறம் ஏம்மா டென்த்துக்கு வரல?” என்றேன்.

“சயின்ஸ் சார் போயிட்டாருன்னாங்க. அதான் சார்.”

சிதம்பரத்தில் இறங்கினோம். கிள்ளை பஸ் நிற்கும் இடம்வரை அவளோடு நடந்தேன். நான் அனுப்பவில்லை என்று சொல்வதற்கு அது போதுமான தூரம்தான். “நல்லா படிம்மா” என்று மட்டும் சொன்னேன்.

நாலு நாள் கழித்து அவனுக்குப் போன் செய்தேன். அவனோடு பேசி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. நேற்று பேசிய மாதிரி “சொல்லு மச்சான்” என்றான். பின்னால் ஏதோ மெஷின் ஓடும் சத்தம். பஸ்ஸில் நடந்ததைச் சொன்னேன். அவன் முதலில் கேட்டது, “அந்தப் பொண்ணு என்ன படிக்குது?”

“ஃபிசிக்ஸ்.”

சந்தோஷமாகச் சிரித்தான்.

“நான் அனுப்பினேன்னு எதுக்குடா சொன்ன?”

“நீ சொல்லிடுவேன்னுதான் பாத்துட்டே இருந்தேன். லீவு விட்டா அந்தப் பொண்ணப் புடிக்க முடியாது, அதான் நானே போனேன். அடுத்த வருஷமும் அது உன்கிட்டதானே படிக்கப் போவுது, உன்மேல வருத்தம் இருக்கக்கூடாதுன்னு சொன்னேன்.”

“மன்னிச்சுருடா” என்றேன். சொல்லி முடிக்கும்போதே அது ரொம்பச் சின்னதாகக் கேட்டது. “அதனாலதான் போனியா?”

“அண்ணன் கூப்பிட்டது நெஜம்தான். நீ ஒரு வார்த்த இருடான்னு சொல்லியிருந்தா இருந்திருப்பேன்.”

அப்புறம் பேச்சை மாற்றினான். பலாப்பழ சீசனுக்கு வீட்டோடு வா என்றான். வருகிறேன் என்றேன். கடலூரிலிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை. அந்த சீசன் முடிந்துவிட்டது. நான் போகவில்லை. அந்தப் பெண்ணும் அவள் அப்பாவும் இன்னும் என்னை நல்லவிதமாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.