மூன்றாவது விரல்

நிச்சயதார்த்தத்துக்கு மைசூர்பாகு போதும் என்றுதான் அம்மா சொன்னாள். லட்டுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். மைசூர்பாகாக இருந்திருந்தால் கிள்ளி ஊட்டியிருப்பேன், அவரும் மென்று விழுங்கியிருப்பார், எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. கல்யாணம் வரைக்குமாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

செவிலிமேட்டில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மண்டபம். தட்டு மாற்றியாகிவிட்டது. வெற்றிலை, பாக்கு, பழம், புடவை எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்துவிட்டன. போட்டோ எடுக்க வந்தவர் எங்கள் இருவரையும் நிற்கவைத்து, பெண் மாப்பிள்ளைக்கு லட்டு ஊட்டவேண்டும் என்றார். கிள்ளியெல்லாம் கூடாதாம், முழு லட்டு.

"சார், வாய நல்லாத் தொறங்க சார். லட்டு உள்ள போறது தெரியணும்."

அவர் திறந்தார். லட்டு போகவில்லை. ஓரத்தில் கடித்தார், பூந்தி உதிர்ந்து புதுச்சட்டையில் விழுந்தது. டாக்டரம்மாவைப் பார்த்து மாப்பிள்ளைக்கு இப்பவே பயம் வந்துவிட்டது என்று யாரோ சொல்ல, மண்டபமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீடியோ விளக்கின் வெளிச்சத்தில் அவருடைய கீழுதட்டின் உள்பக்கத்தை நான் பார்த்துவிட்டேன். இளஞ்சிவப்பாக இருக்கவேண்டிய தோல், வெள்ளையடித்த சுவர் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

நான் பல் டாக்டர். அப்போது மேல்படிப்பில் கடைசி வருடம். பாக்கு போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உள்தோல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, வாய் சிறுத்துப்போகும் ஒரு நோய் உண்டு. போனது முழுதாகத் திரும்பி வராது. பாக்கை விட்டால், பெரும்பாலும் இருக்கிற அளவில் நிற்கும். சிலருக்கு அது புற்றுநோயில் போய் முடியும். யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்லும் வழி எங்களிடம் இல்லை. என் ஆய்வே அந்த நோயைப் பற்றித்தான். கிராமம் கிராமமாக முகாம் போட்டு, ஆட்டோ ஓட்டுகிறவர், தறியில் உட்காருகிறவர், கட்டட வேலைக்குப் போகிறவர் என்று எத்தனையோ பேரின் வாயில் டார்ச் அடித்திருக்கிறேன். என் கழுத்துக்கு மாலை போடப்போகிறவர் வாயை மட்டும் பார்க்கத் தோன்றவில்லை.

அன்று மாலை நகைகளைக் கழற்றும்போதே ஒவ்வொன்றாக ஞாபகம் வர ஆரம்பித்தது. பெண் பார்க்க வந்த அன்று அவருடைய அம்மா பெருமையாகச் சொன்னார்: "எம் புள்ள காரமே தொட மாட்டாம்மா. ரசத்துல கூட மொளகு கம்மியாத்தான் கேப்பான்." நான் அதைக் குணம் என்று எடுத்துக்கொண்டேன். காரம் பட்டால் வாய் எரிவது இந்த நோயின் முதல் அடையாளம் என்று நானே மேடையில் ஏறிப் பேசியிருக்கிறேன். அவர் மெதுவாகப் பேசுவார். அமைதியான பையன் என்று அப்பா சந்தோஷப்பட்டார். அவர் வாய் விட்டுச் சிரிக்கமாட்டார். அடக்கமானவர் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள். இட்லியைச் சின்னச் சின்னதாகப் பிட்டுச் சாப்பிடுவார். எவ்வளவு நாசூக்கு என்று நானே மயங்கினேன். எங்களுக்கு அவரிடம் எது எது பிடித்ததோ அதெல்லாம் நோயாக இருக்குமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

அந்த வாரம் முழுக்க எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. டவுன் பஸ்ஸில் யார் கொட்டாவி விட்டாலும் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி முன் நின்று என் மூன்று விரல்களைச் சேர்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக வாய்க்குள் நிறுத்திப் பார்த்தேன். ஆரோக்கியமான வாய்க்கு அவரவர் விரல் மூன்று தாராளமாகப் போகும். முகாமில் நாங்கள் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். சாயந்திரம் அவர் வீடியோவில் கூப்பிட்டபோது வேண்டுமென்றே கொட்டாவி விட்டேன். கொட்டாவி தொற்றும் என்பார்கள். தொற்றியது. ஆனால் அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். இந்த நல்ல பழக்கத்தை யார் சொல்லிக்கொடுத்தது என்று எரிச்சலாக வந்தது. மறுபடி விட்டேன், மறுபடி பொத்தினார். டயர்டா இருக்கீங்க போல, தூங்குங்க என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

அம்மாவிடம் சொல்லலாமா என்று அடுக்களை வரை போய்ப் போய்த் திரும்பினேன். சொன்னால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். நான் நினைப்பது தப்பாக இருந்தால்? ஒரு லட்டை வைத்து ஒரு மனிதனுக்கு நோய் கட்டிவிட்டேன் என்று ஆகும். சரியாக இருந்தால் அதைவிட மோசம். இப்படியே முன்னும் பின்னும் அலைந்து அலைந்து என்மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. நேரே கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன்.

முகூர்த்தப் புடவை எடுக்க இரண்டு குடும்பமும் காந்தி ரோட்டில் ஒரு கடைக்குப் போயிருந்தோம். மாடியில் ஜமக்காளம் விரித்து, கடைப்பையன்கள் புடவையாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாம்பழ நிறமா அரக்கா என்று அம்மாக்கள் இருவரும் சண்டை பிடிக்காத குறை. தலைவலி என்று சொல்லிவிட்டு நான் கீழே இறங்கினேன். காபி வாங்கித் தருவதாக அவரும் கூடவே வந்தார். அவருடைய பைக் கடை ஓரத்தில் நின்றிருந்தது.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. மூன்று விரலைச் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள் வைக்கமுடிகிறதா பாருங்கள், பைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே செய்யுங்கள் என்றேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே குனிந்தார். இரண்டு விரல் போயிற்று. மூன்றாவதைச் சேர்த்தார், பல்லில் இடித்தது. கொஞ்சம் அழுத்தினார். கண்ணாடிக்குள் அவர் சிரிப்பு அப்படியே காணாமல் போனதைப் பார்த்தேன். அதைப் பார்த்திருக்கவேண்டாம் என்று இருந்தது.

என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். முகாமில் கேட்கிற அதே குரல்தான் வந்தது.

"பொகையிலய விட்டுட்டேன்," என்றார் அவசரமாக. "கம்பெனில நைட் ஷிப்ட்டுக்கு எல்லாரும் போடுவாங்க, தூக்கம் வராதுன்னு. உங்க ஜாதகம் வந்துச்சு இல்ல, பொண்ணு பல் டாக்டர்னு சொன்னாங்க. அன்னிக்கே விட்டுட்டேன். இப்ப வெறும் பாக்குதான். ஸ்வீட் பாக்கு."

பேண்ட் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். குற்றத்தை மறைக்கிறவனின் முகமாக அது இல்லை. பரீட்சையில் நல்ல மார்க் வாங்கிவந்து காட்டுகிறவனின் முகம். புகையிலையை எனக்காக விட்டிருக்கிறார். விட்ட இடத்தில் கை சும்மா இருக்காமல் முன்பைவிட இரண்டு பங்கு பாக்கைப் போட்டிருக்கிறார். வாயை இறுக்குவதே பாக்குதான் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தட்டில் வைத்து மாற்றுகிற பொருள் கெடுதல் செய்யும் என்று யார்தான் நினைப்பார்கள்? எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. பொட்டலத்தைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன்.

நோயைப் பற்றி எல்லாம் சொன்னேன். புற்றுநோய் என்ற வார்த்தையையும் சொன்னேன். கன்னத்திலிருந்து ஒரு துளி சதை எடுத்துப் பரிசோதிக்கவேண்டும் என்றேன். அவர் பைக் சாவியைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"இத நீங்க டாக்டரா சொல்றீங்களா, என்னைக் கட்டிக்கப்போறவங்களா சொல்றீங்களா?"

தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. மேலே போனபோது அரக்கு நிறமே முடிவாகியிருந்தது.

எங்கள் துறைத் தலைவர் அதிகம் பேசாத அம்மாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, அவரை அழைத்து வா, ஆனால் நீ அறைக்குள் வரக்கூடாது என்றார். இனி அவர் உன் நோயாளி இல்லை, உன் ஆய்விலும் சேர்க்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். ஆய்வில் ஒரு பாதிப் பேருக்கு மருந்து, மறு பாதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று முடியும்வரை எனக்கே தெரியாது. அந்த ஏற்பாட்டை நோயாளிகளிடம் கலகலப்பாகத்தான் விளக்குவேன். பரிசோதனைக்குப் போன அன்று காலை பஸ்ஸில் அவர் கேட்டார் என்பதால் அவருக்கும் அதைச் சொன்னேன். தெரியாமலேயே கொடுப்பீர்களா, தெரியாமலேயே சாப்பிடுவார்களா என்றார். எத்தனையோ பேர் என் முன்னால் தலையாட்டிவிட்டு வாங்கிப்போயிருக்கிறார்கள். அவர்களுக்குள்ளும் இந்தக் கேள்வி ஓடியிருக்கும் என்பது எனக்கு அந்த பஸ்ஸில்தான் உறைத்தது.

கதவுக்கு வெளியே நோயாளிகளின் உறவினர்கள் உட்காருகிற பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்தப் பெஞ்சைத் தினம் கடந்து போகிறவள், அதில் உட்கார்ந்ததில்லை. உட்காரவும் முடியவில்லை. எழுந்து தண்ணீர் பிடித்தேன், குடிக்காமலே கொட்டினேன். உள்ளே என்ன நடக்கிறது, ஊசி எங்கே போடுகிறார்கள், கத்தி எவ்வளவு ஆழம் போகும் என்று தெரிந்திருப்பது எதற்கும் உதவவில்லை. கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. யாரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள், ஏமாற்றப் பார்த்தார்கள் என்று மாப்பிள்ளை வீட்டாரைத்தான் சொல்வார்கள். அப்படித் தோன்றியதற்காக நான் இன்றுவரை வெட்கப்பட்டதில்லை. பயந்துபோயிருந்தேன், அவ்வளவுதான்.

ரிசல்ட் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் கூரத்தில் இருக்கும் தன் வீட்டிலிருந்து அவர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அப்பா டவுன் பஸ் டிரைவர். அன்று லீவு, டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா காபி கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. நடு வீட்டில் நின்றுகொண்டு, எங்கள் எல்லார் முன்னாலும் வாயைத் திறந்து விரல்களை வைத்துக் காட்டினார். கொட்டாவிக்குக்கூடக் கையை வைத்து மூடுகிற மனிதர்.

"மாமா, பாருங்க. மூணாவது வெரல் போவல. பாக்கு போட்டு வந்த வியாதி. கேன்சராவும் ஆவலாம்னு சொல்றாங்க. டெஸ்ட் குடுத்துக்கினு வந்திருக்கேன். நாளைக்கு மறைச்சிட்டான்னு நீங்க சொல்லக்கூடாது. வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க, எங்க வீட்ல நான் பேசிக்கிறேன்."

அப்பா டிவியை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நான் சொல்லாததை அந்த ஒரு பார்வையில் புரிந்துகொண்டார் போலிருக்கிறது. பிறகு தன் விரல்களை வாய்க்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார். அம்மாவும், காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நின்று பார்த்துக்கொண்டாள். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது.

"கையக் கழுவிக்கினு வாப்பா. சாப்ட்டுட்டுப் போவலாம்," என்றார் அப்பா.

அம்மா உள்ளே போய், காரம் போடாமல் தனியாக ஒரு சின்னப் பாத்திரத்தில் சாம்பார் கூட்டினாள். வேறு எதுவும் அவர்கள் கேட்கவில்லை. இவரைத்தான் கட்டிக்கொள்ளப்போகிறேன் என்பது எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. ரிசல்ட் எப்படி வந்தாலும் என்று சேர்த்து நினைக்கத் தைரியம் வரவில்லை, ஆனால் தெரிந்துவிட்டது.

புற்றுநோய்க்கான மாற்றம் எதுவும் இப்போதைக்கு இல்லை என்று ரிசல்ட் வந்தது. 'இப்போதைக்கு' என்ற வார்த்தையை எங்கள் துறைத் தலைவர் அழுத்திச் சொன்னார். பாக்கை அடியோடு விடவேண்டும், வாழ்நாள் முழுக்க வாயைப் பரிசோதித்துக்கொண்டே இருக்கவேண்டும், வாயை விரிக்கும் பயிற்சியை விடக்கூடாது.

கல்யாணத் தாம்பூலப் பையில் பாக்குப் பொட்டலம் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றேன். பாக்கு இல்லாமல் தாம்பூலமா, அபசகுனம் என்று இரண்டு அம்மாக்களும் முதல்முறையாக ஒரே கட்சியானார்கள். கடைசியில் சுத்தியால் அடித்தாலும் உடையாத கொட்டைப்பாக்கு இரண்டு வைப்பது என்று சமாதானம் ஆயிற்று. பல்லுக்கு வேலை வைக்கத்தான் பல் டாக்டர் கொட்டைப்பாக்கு கொடுத்தாள் என்று சொந்தக்காரர்கள் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்கள். சொல்லட்டும்.

இப்போது எங்கள் வீட்டில் பல் துலக்கும் பிரஷ்களோடு ஐஸ்கிரீம் குச்சிக் கட்டு ஒன்றும் இருக்கிறது. தினமும் காலையில் அவர் அவற்றை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, கண்ணில் தண்ணீர் வர வாயை விரித்துப் பிடிப்பார். மூன்றாவது விரல் இன்னும் முழுதாகப் போகவில்லை, நகம் வரைக்கும் போகிறது. பாக்குக் கடையைத் தாண்டும்போது மட்டும் பைக் கொஞ்சம் வேகமெடுக்கும். பின்னால் உட்கார்ந்து நான் அதைக் கவனிப்பேன், கவனிப்பது அவருக்கும் தெரியும்.

பெரிய பரிசோதனைக்குக் கல்லூரிக்குத்தான் போகிறோம். ஆனால் மாதம் ஒருமுறை ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு நானும் பார்க்கிறேன். பார்க்காதே என்று யார் சொல்லியும் என்னால் முடியாது. கையுறை போட்ட விரலைக் கன்னத்தின் உள்ளே ஓட்டுவேன். தோலுக்கடியில் நார்கள், தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல் மாதிரி விறைப்பாகத் தட்டுப்படும். புதிதாக ஒரு சிவப்பு இருக்கிறதா, ஒரு புண், ஒரு தடிப்பு. என் விரல் நின்றால் அவர் மூச்சும் நின்றுவிடும். என் ஆய்வுத்தாளில் மாற்றம் எதுவும் இல்லை என்று எழுத நேர்ந்த இடங்களிலெல்லாம் எனக்கு மனசு சோர்ந்துபோயிருக்கிறது. இரண்டு வருட உழைப்பு வீணா என்று அழுதுகூட இருக்கிறேன். இப்போது மாதாமாதம் நான் வேண்டிக்கொள்வது அதே வரியைத்தான்.

"எப்படி இருக்குது?" என்று அவர் கேட்பார்.

"போன மாசம் மாதிரியேதான்."

அவர் வாயை மூடிக்கொள்வார். நான் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குழாயைத் திறப்பேன். கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருப்பேன்.